மூன்று கிலோ இருநூறு கிராம்

அன்று காலை என் கணவர் குவோ-லியாங் சிற்றுண்டிக் கடையில் இரண்டு சோயா பால் வாங்கினார். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் இல்லை. எது எது என்று மறந்துவிட்டதால் இரண்டிலும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லாததை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் கொறஞ்சிருக்கும், கோச்சுக்காத" என்றார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வரலாறு. எங்கள் நான்கு சக்கரத் தோழர் சங்கத்தின் வரலாறு.

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் தைவானின் தைச்சுங் நகரத்தில் இந்தச் சங்கத்தைக் கண்டுபிடித்தது. அதன் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் சியாவ்-குவான் எனக்கு எழுதியிருந்தார். 'பெருமிதமாக, உறுப்பினர்களுக்குப் பயன்படும் வகையில், அழுகை இல்லாமல்' என்று நிபந்தனை. மூன்றையும் நிறைவேற்றப் பார்க்கிறேன்.

சங்கத்தில் பதினான்கு உறுப்பினர்கள், பதினான்கு ஜீப்புகள். காடு, மலை, ஆறு, பாறை எதையும் தாண்டும் ஜீப்புகள். நான் அறிந்த வரையில் அவை தாண்டிய ஆகக் கடினமான இடம், ஒரு பெரிய கடையின் மூன்றாம் கீழ்த்தள வாகன நிறுத்தம். அங்கே சரிவு அதிகம்.

சங்கத் தலைவர் லியாவ், தண்ணீர்க் குழாய்த் திருகு செய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர். அவருடைய கொள்கை எளிமையானது: உதிரி பாகங்களை வெளிநாட்டில்தான் வாங்க வேண்டும்.

"அதே சாமான், அதே கம்பெனி, உங்க தொழிற்சாலைக்கு எதுத்த கடையிலயே தொங்குதே அண்ணே?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார்.

"தொங்கும். ஆனா அது கப்பல்ல வந்திருக்கும். யாரோ கொண்டாந்தது. நாமளே ஓசாகாவுக்குப் போயி, கையில தூக்கிட்டு வந்தாத்தான் வண்டிக்கு அது ஒட்டும்."

என் கணவர் குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர். எந்தப் பொருளும் திருகினால் ஒட்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினார். தலைவர் சொல்லி யாரும் தலையாட்டாமல் இருந்ததாகச் சங்கக் குறிப்பேட்டில் பதிவு இல்லை.

இப்படித்தான் 'குடும்பச் சுற்றுலா' பிறந்தது. விமானத்தில் ஒரு பயணிக்கு இருபத்து மூன்று கிலோவில் இரண்டு பெட்டிகள் அனுமதி. மனைவியை அழைத்துப் போனால் நாற்பத்தாறு கிலோ கூடுதல். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த நாளில் சங்கத்தில் பெண்களின் மதிப்பு உயர்ந்தது. பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் என் கணவர் என்னை முதன்முறையாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார். அவர் காலி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். நான் என் உடைகளை மூன்று அடுக்காக உடுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது செயலாளரின் மனைவி கைப்பையில் ஜீப்பின் சுருள்வில் ஒன்றை வைத்திருந்தார். சோதனை அதிகாரி அதை வெளியே எடுத்து, "இது எதுக்கு?" என்றார்.

"முதுகு வலிக்கு."

அதிகாரி வில்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தார். ஜப்பானியர்கள் பிறர் நோயைக் கிளறுவதில்லை.

எனக்கு ஒரு பதவியும் கிடைத்தது. தபால் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்சல் பிரிவில் இருப்பவள் என்பதால் 'எடைக் கண்காணிப்பாளர்'. ஓசாகா விடுதியின் நடைபாதையில் கைத்தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொருவராக வந்து பெட்டியைத் தொங்கவிடுவார்கள். நான் நோட்டில் எழுதுவேன். முன்விளக்கு, ஒன்பது கிலோ. பம்பர் கொக்கி, இரண்டு. என் கணவருடைய இழுவைப் பட்டை, மூன்று நானூறு.

இழுவைப் பட்டை என்பது, மாட்டிக்கொண்ட வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கும் தடித்த நாடா. பதினான்கு பேரில் அதை வாங்கியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏன்டா, இத வண்டியில எங்க மாட்டுவ? வெளியில இருந்து பாத்தா தெரியவே தெரியாதே" என்றார் சியாவ்-குவான்.

தலைவர் மட்டும் பெருந்தன்மையாகச் சொன்னார்: "வாங்கட்டும்டா. ஆனா குவோ-லியாங், என்கிட்ட வின்ச் இருக்கறப்ப ஒனக்கு எதுக்கு நாடா?"

வின்ச் என்பது, கம்பிக்கயிறு சுற்றிய மோட்டார் உருளை. வண்டியின் முகப்பில் இருக்கும். பொத்தானை அமுக்கினால் சேற்றில் புதைந்த இன்னொரு வண்டியையே இழுத்துவிடும். தலைவர் அதைத் தனியாகப் போய் வாங்கி வந்திருந்தார். பெட்டியை ஒரு கையில் தூக்கியபடி வந்தார். மறு கையில் காப்பி. அத்தனை பேரும் அவருடைய தோள்பலத்தை வியந்தார்கள். நான் தராசில் மாட்டினேன். மூன்று கிலோ இருநூறு கிராம்.

அறைக்குப் போனதும் கணவரிடம் கேட்டேன். "ஏங்க, மோட்டாரு, பல்சக்கரம், இருபது மீட்டர் கம்பிக்கயிறு. எல்லாம் சேந்து மூணு கிலோவா? எங்க ஆபீசுக்குப் பார்சல்ல வர்ற தையல் மெசின் மோட்டாரே அதுக்கு மேல வருமே."

"ஷியூ-சின், அது ஜப்பான்காரன் செஞ்சது. ஏதாவது புது உலோகமா இருக்கும்."

"அவரையே கேட்டுருங்களேன்."

"எல்லாரு முன்னாலயுமா? அவரு மொகத்த எங்க வச்சுக்குவாரு? வேணாம். நீ எழுதிக்கிட்டயில்ல, அது போதும்."

நான் எழுதிக்கொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

விமான நிலையத்தில் தலைவரின் பெட்டிகள் நிறைந்துவிட்டதால் வின்ச் என் பெட்டிக்குள் வந்தது. என் பெட்டி மூன்று கிலோ சொச்சம் கூடிவிட்டது. வரிசை பின்னால் நீண்டது. யாரும் எதுவும் சொல்வதற்குள் என் கணவர் குனிந்து, பெட்டியைத் திறந்து, இழுவைப் பட்டையை எடுத்துப் பக்கத்து இருக்கையிலேயே விட்டுவிட்டார். பெட்டி இருபத்திரண்டு எண்ணூறுக்கு வந்தது. தலைவர் அவர் தோளில் தட்டினார். அந்த ஆண்டுக்கான 'தியாகச் சுடர்' விருது அவருக்கே கிடைத்தது. சான்றிதழ் இன்னும் குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது.

வின்ச் தலைவரின் வண்டி முகப்பில் ஏறியது. எங்கள் ஊரில் எந்த இயந்திரத்தின் மேலும் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி ஒன்றை வைப்போம், அது சொன்னபேச்சைக் கேட்டு ஒழுங்காக ஓட வேண்டும் என்று. என் தபால் தராசின் மேலும் ஒன்று இருக்கிறது. தலைவர் வின்ச்சின் மேல் ஒன்றைக் கட்டினார். இரண்டு ஆண்டுகள் அந்த வின்ச் ஒழுங்காக, சொன்னபேச்சைக் கேட்டு இருந்தது. யாரும் அதனிடம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு இளம் உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள், ஒரு முறையாவது ஆற்றில் இறங்க வேண்டாமா என்று. பேய் மாதம் பிறந்துவிட்டால் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார்கள். எனவே அது பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் அந்தச் சோயா பாலைக் குடித்து முடித்ததும், சங்கம் ஆற்றுக்குக் கிளம்பியது. பேய்கள் விஷயத்தில் சங்கம் மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மலையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னதை யாரும் பார்க்கவில்லை.

பதினொரு வண்டிகள் கரைமேட்டிலேயே நின்றன. சேறு பட்டால் படம் நன்றாக வராது. கீழே இறங்கியவை மூன்று: என் கணவர், தலைவர், செயலாளர். நான் தேநீர்க் குடுவையோடு கரையில் நின்றேன். என் கணவர் முதலில் தண்ணீரில் இறங்கினார். நடு ஆற்றில் முன்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது. தண்ணீர் முழங்கால் அளவு. கரை பதினைந்து தப்படி. அவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

கரையில் வண்டியை நிறுத்தியிருந்த தலைவர் வாக்கி-டாக்கியை எடுத்தார். அதுவும் ஓசாகாதான். "டேய் குவோ-லியாங், எறங்காத. வண்டிய விட்டுட்டு நடந்து வந்தா மேல இருக்கறவனுங்க படம் புடிப்பானுங்க. சங்கத்துக்கு அசிங்கம். உள்ளயே உக்காரு. இந்தா, வின்ச்சுல இழுக்கறேன்."

"சரிண்ணே. மெதுவா இழுங்க, பம்பர் புதுசு."

கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த பதினொரு நிமிடங்களில் சங்கம் காட்டிய செயல்வேகத்தை மலரின் வாசகர்கள் அறிய வேண்டும். முதலில் தலைவர் ரிமோட்டைத் தேடினார். பிறகு ரிமோட்டுக்கு பேட்டரி தேடினார். கிடைத்த பேட்டரியைப் போட்டு, வின்ச்சை நோக்கி நீட்டி, அமுக்கினார். வின்ச் அமைதி காத்தது. செயலாளரை அழைத்து, பெட்டியில் இருந்த ஜப்பானியக் கையேட்டைக் கைப்பேசியில் மொழிபெயர்க்கச் சொன்னார்.

"'இது உங்கள் வாகனத்தின் கம்பீரத்தைக் கூட்டும்'னு போட்டிருக்குண்ணே."

"அதில்லடா. அடுத்த பக்கம் பாரு."

"'மென்மையான துணியால் துடைக்கவும்.'"

"அதுக்கும் அடுத்த பக்கம்."

"அவ்வளவுதாண்ணே. ரெண்டு பக்கந்தான்."

தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. "அவர எறங்கச் சொல்லுங்க" என்றேன்.

"பதறாத தங்கச்சி. மோட்டார் சூடாகணும்" என்றார் தலைவர். நெற்றி முழுக்க வியர்வை. என்னைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதைச் சொல்லியிருந்தால் என் கணவர் அப்போதும் நடந்து வந்திருப்பார். இடுப்பளவு நனைந்திருக்கும். மேட்டில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

நான் ஓரத்துக்கு ஓடிப்போய்க் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வின்ச்சின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மலையில் பெய்த மழை பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு ரிமோட் தேவைப்படவில்லை.

மறுநாள் மாலை, நான்கு கிலோமீட்டர் கீழே, மீட்புப் படையினர் அவரைக் கண்டெடுத்தார்கள். வண்டி அதற்கும் மறுநாள் கிடைத்தது. பம்பரில் ஒரு கீறல் இல்லை.

சங்கம் விசாரணைக் கூட்டம் நடத்தியது. இரண்டு மணி நேரம் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வின்ச்சின் மேல் இருந்த சோளப்பொரிப் பொட்டலம் மூன்று நாளுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

"எவன்டா தேதி பாக்காம விட்டது?" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

காலாவதித் தேதிகளைக் கண்காணிக்க மூவர் துணைக்குழு அமைக்கப்பட்டது. ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். தலைவர் அழுதார். அந்தக் கண்ணீர் அசல்தான், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், அந்த வின்ச்சையே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்து எனக்கு நினைவுப் பரிசாக அளித்தார்கள். 'தோழர் குவோ-லியாங்கின் கடைசி நம்பிக்கை' என்று பொன்னெழுத்தில் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், 'திறக்க வேண்டாம்.'

மூன்று ஆண்டுகள் திறக்கவில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டு உங்கள் கடிதம் வந்த அன்று பேழையைத் திறந்து, வின்ச்சின் நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். வெறும் பிளாஸ்டிக் கூடு. கம்பிக்கயிறு போலத் தெரிந்தது, வரி வரியாக வார்த்த அச்சு. மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில், பளுவுக்காக, ஒரு சிமெண்ட் கட்டி.

ஆகவே உறுப்பினர்களுக்குப் பயன்படும் செய்தி இது. அன்று ஆற்றங்கரையில் அந்த வின்ச்சைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரிமோட்டுக்கு பேட்டரி தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதன் எடையை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கையால் எழுதி வைத்துவிட்டு, தேநீர்க் குடுவையோடு நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரையோடு வின்ச்சையும் பார்சலில் அனுப்புகிறேன். ஆண்டு விழா மேடையில், பதினான்கு பேருக்கும், மன்னிக்கவும், பதின்மூன்று பேருக்கும் முன்னால் தலைவரே பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். படிவத்தில் 'உள்ளே இருப்பது' என்ற கட்டத்தில் 'அலங்காரப் பொருள்' என்று நிரப்பினேன். எடைக்கான கட்டத்தை நிரப்பும் முன், விதிப்படி, எங்கள் அலுவலகத் தராசில் வைத்தேன்.

மூன்று கிலோ இருநூறு கிராம்.