ஒன்று போனால் இன்னொன்று

உடுவில் ஊர்க் கலியாண மண்டப வாசலில் இரண்டாவது வான் வண்டியிலிருந்தும் மேளகாரர் இறங்கியபோது சிவரூபனுக்குப் புல்லரித்தது. அக்கா உதயகலாவின் கலியாணத்துக்கு மேளம் பிடிக்கும் பொறுப்பு அவனுடையது. அதை அவன் தானே எழுதிய மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தான்.

"வேலை செய்யுது அம்மா!"

"ஒரு செற் மேளம்தானேயடா கேட்டனாங்கள்?" என்றார் செல்வநாயகி.

"அந்தச் செற் வராட்டி? கரண்ட் போனால்? சிக்னல் விழுந்தால்? இது பதில் கிடைக்குமட்டும் ஆள்மாறி ஆள் கேட்டுக்கொண்டேயிருக்கும். தோல்வியைத் தாங்கிற வடிவமைப்பு!"

"கலியாண வீட்டிலை என்னடா தோல்வி? வாயைக் கழுவு."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். மாமா குனிந்து செருப்பைத் தேடினார்.

மூன்றாவது வான் வந்தது.

அவனுடைய லப்ரொப் கணினித் திரையில் 'மீண்டும் முயல்கிறது' என்ற வரி மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிழையைப் பிடித்துவிட்டான்! பதில் வந்தது தெரியாமல் அது மேலும் மேலும் ஆள் சேர்க்கிறது. நிறுத்தினான். உடனே அச்சுவேலியில் நண்பன் வீட்டிலிருந்த மாற்றுக் கணினி தானாக விழித்து வேலையைப் பொறுப்பேற்றது.

"இப்ப என்னடா செய்தனி?"

"ஒண்டு செத்தால் மற்றது எழும்பும், அம்மா."

"செத்தாலோ?" அம்மா காதைப் பொத்தினார்.

நான்காவது வான் வந்தது.

நான்கு செற்றும் போட்டிபோட்டு வாசிக்க, ஐயர் மந்திரத்தைச் சைகையில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் முகம் கறுத்தது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்.

"மூண்டு செற்றுக்கு 'வேண்டாம்' எண்டு அனுப்பிறன்!"

எந்த மூன்று என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் பட்டியலிலுள்ள எல்லா மேளகாரருக்கும் அனுப்பு என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தவனும் சிவரூபன்தான்.

நான்கு கைபேசிகள் ஒன்றாக ஒலித்தன. செய்தி சேர்ந்ததை உறுதிசெய்ய, இன்னும் இரண்டு தரம்.

மேளம் நின்றது. மூன்று தரம் வேண்டாம் என்ற இடத்தில் எந்தக் கலைஞன் இருப்பான்? நாதஸ்வரங்கள் உறைக்குள் போயின. வான்கள் கிளம்பின. தாலி கட்டக் கெட்டிமேளம் இல்லை.

சிவரூபன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வானுக்குப் பின்னால் ஓடினான்.

"அண்ணை, நில்லுங்கோ! உங்களைக் கூப்பிட்டது நான்தான்!"

தவில்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"நீரோ? வாசலிலை நாங்கள் விசாரிச்சனாங்கள், தம்பி. முதல் செற்றை அம்மா ரெலிபோனிலை கூப்பிட்டவ, ரண்டாவதை அப்பா, மூண்டாவதை மாமா, எங்களைக் கலியாணப் பொம்பிளையே கூப்பிட்டவ. உம்மடை மெசினிலையிருந்து எங்களுக்கு வந்த முதல் மெசேஜே உந்த 'வேண்டாம்' தான்."