கணவர் பெயர் பொன்னுரங்கம்

சலவைக்குப் போட எடுத்த ஜிப்பாவின் பையில் அந்தச் சீட்டு இருந்தது. வெள்ளைச்சாமி மூன்று முறை படித்தார்.

"பெயர்: தேவானை. கணவர் பெயர்: பொன்னுரங்கம். புதன்தோறும் மாலை நாலு மணி."

தேவானை அவருடைய மனைவி. தாலி கட்டி, ரங்கூனில் குடித்தனம் நடத்தி, குண்டு விழுந்தபோது கையைப் பிடித்து மதராஸுக்கு அழைத்து வந்து, தியாகராய நகரில் துணிக்கடை வைத்துக் காப்பாற்றி வருபவர் அவர். நடுவில் பொன்னுரங்கம் எங்கிருந்து முளைத்தான்?

ரங்கூனிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்களுக்காகச் சைதாப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சுகாதார வகுப்பு நடத்தினார். புதன்தோறும் தேவானை அதற்குத்தான் போனாள். "ஆம்பளைகளும் ஒரு நாள் வரணுமாம்" என்று ஒருமுறை சொன்னாள். "எனக்கென்ன பிரசவமா ஆகப் போகுது?" என்று அவர் சிரித்தார். அதோடு சரி.

இப்போது சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் சுவரோரம் தூங்கிய மூன்று குழந்தைகளும் ஒரு மாதமாக அவருக்கும் அவளுக்கும் நடுவில் படுத்திருந்தார்கள். காரணம் இன்றுதான் விளங்கியது.

அவளிடம் நேராகக் கேட்கக் கூச்சம். பொன்னுரங்கத்தை அழகில் ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் கடையிலிருந்த சில்க் துணியில் ஜிப்பா தைத்து, ஜவ்வாது பூசிக்கொண்டு வீட்டில் நுழைந்தார்.

தேவானை மூக்கைச் சுளித்தாள். "தெருமுனையிலயே மணக்குது. யாரைப் பாத்துட்டு வாறீய?"

"நான் யாரைப் பாக்கப் போறேன்? நீதான்..."

"நான்தான் என்ன?"

"ஒண்ணுமில்ல. சோத்தைப் போடு."

குழம்பில் அன்று உப்பு இல்லை. அவரும் கேட்கவில்லை.

ஜிப்பா தைத்த கலீமுல்லாவிடமே மனசைத் திறந்தார். கலீமுல்லா ரங்கூனிலிருந்து கூடவே நடந்து வந்த கூட்டாளி. கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தார்.

"நீ அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பொன்னுரங்கம்னு எவனாவது இருக்கானான்னு பாத்துட்டு வா."

கலீமுல்லாவின் மிஷின் நின்றது. "இன்னா பேரு சொன்னே?"

"பொன்னுரங்கம்."

கலீமுல்லா தொப்பியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பெயர்: ஜமீலுன்னிசா. கணவர் பெயர்: பொன்னுரங்கம்.

வெள்ளைச்சாமி தன் சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"உன் சம்சாரமுமா?" என்றார் வெள்ளைச்சாமி.

"ரெண்டு நாளா இத்தைத் தலையில வெச்சிக்கினு சுத்தறேன்" என்றார் கலீமுல்லா.

புதன்கிழமை நாலு மணிக்கு இருவரும் சைதாப்பேட்டையில் இறங்கினார்கள். பொன்னுரங்கத்தின் எலும்பை எண்ணிவிட்டு, மனைவியை அன்று ராத்திரி ரயிலிலேயே தாய்வீட்டுக்கு அனுப்புவது என்பது வெள்ளைச்சாமியின் திட்டம். தாய்வீட்டுக்கு அனுப்பினால் குழந்தைகளும் போய்விடும், வீடு காலியாகிவிடும் என்று நினைத்தபோது மட்டும் நடை தளர்ந்தது.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

உள்ளே அறுபது வயதுக் கம்பவுண்டர் ஒருவர், பல்லில்லாத வாயை அசை போட்டபடி சீசாவில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பொன்னுரங்கம் யாருய்யா?" என்றார் வெள்ளைச்சாமி.

"நான்தான் நைனா. கையில சீட்டு கீதா? குந்து. உன்னோட பன்னெண்டு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. இந்த உடம்பில் எதை அடிப்பது?

"இன்னா பண்ண சொல்றே?" என்றார் கம்பவுண்டர். "புருசன் பேர் இன்னாம்மான்னு கேட்டா ஒரு பொம்பளையும் வாயால சொல்லமாட்டேங்குது. ஒண்ணு வானத்தைக் காட்டுது, ஒண்ணு சிரிக்குது. அந்த எடத்தைச் சும்மா உட முடியுமா? என் பேரைப் போட்டுட்டேன்."

வெள்ளைச்சாமிக்கு உயிர் திரும்பி வந்தது. தேவானையும் இன்றுவரை அவர் பெயரைச் சொன்னதில்லை. பன்னிரண்டு பேரும் அசட்டுச் சிரிப்போடு எழுந்தார்கள். அதற்குள் ஆயா ஜைதூன் பீ வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

டாக்டர் சண்முகவடிவு ஒரு பெரிய படத்தைச் சுவரில் மாட்டினார். பெண்ணின் உடம்புக்குள் பிள்ளை வளரும் படம். வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தார்.

"கீழே ஒண்ணும் இல்லை, இங்கே பாருங்க" என்றார் டாக்டரம்மா.

ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் மேகநோய் வந்தால் புருஷன் பெண்டாட்டி இருவருமே மருந்து சாப்பிட வேண்டும் என்றார். பிள்ளைப்பேற்றுக்கு எத்தனை வருஷம் இடைவெளி வேண்டும், அதற்கு ஆண் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"தேவானை வீட்டுக்காரர் யாரு?"

வெள்ளைச்சாமி எழுந்து நின்றார்.

"நாலு வருஷத்துல மூணு பிரசவம். உடம்புல ரத்தமே இல்லை. இப்ப இன்னொண்ணு உண்டானா அவ பிழைக்கமாட்டா. உங்ககிட்ட சொன்னாளா?"

"இல்லையே அம்மா."

"சொல்ல வந்தாளாம். நீங்க சிரிச்சீங்களாம்."

நடுவில் படுத்திருந்த மூன்று குழந்தைகளும் கண்முன் வந்தார்கள்.

வகுப்பு முடிந்தது. வெளியே வரும்போது ஆயாவிடம் மெதுவாகக் கேட்டார். "பேரைத்தான் அவ சொல்லமாட்டா. கடையைச் சொல்லியிருந்தாலும் ஆளைக் கண்டுபிடிச்சிருக்கலாமே? அப்படி ஒரு சீட்டு என் ஜிப்பாப் பையில எப்படி வந்துது?"

ஜைதூன் பீ கதவைத் திறந்துவிட்டாள்.

"மூணு மாசமா நோட்டீஸு ஒட்டினோம், ஒரு புருசனும் வரல, வேற ஆம்பளை பேரை எழுதி அவங்கவங்க பையில வெச்சா ஓடியாருவாங்கன்னு சொன்னதே உங்க ஊட்டம்மாதான், நைனா."