மூன்றாவது முடிச்சில் என் சடை

தலைமுடிக்காக அழுதிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். "முடிதானே?" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் தலையை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நிறைய முடி இருக்கிறது.

எனக்குக் கொட்டத் தொடங்கியது இருபத்தைந்து வயதில். ஓரிடத்தில் மட்டும் சொட்டை விழுந்தால் பக்கத்து முடியை இழுத்து மறைத்துவிடலாம். எனக்கோ தலை முழுக்க, பாரபட்சம் பார்க்காமல், எல்லாப் பக்கமும் சமமாகக் கொட்டியது. (அந்த அளவு நியாயத்தை இந்த நாட்டில் வேறு யாரும் எனக்குக் காட்டியதில்லை.) வகிடு முதலில் ஒற்றையடிப் பாதையாக இருந்தது. பிறகு மாட்டு வண்டி போகிற கரத்தைப் பாதையானது. கடைசியில் பேராதனை ரோடு மாதிரி இரண்டு பஸ் எதிரெதிரே போகிற அகலத்துக்கு வந்துவிட்டது. கண்டி மழை சொல்லிக்கொண்டு வராது. நனைந்தால் மண்டை பளிச்சென்று தெரியும். அதனால் கொளுத்துகிற வெயிலிலும் குடையோடுதான் திரிந்தேன்.

அம்மாவுக்கு அது பெரிய கவலை. செம்பருத்தி, வெந்தயம், கரிசலாங்கண்ணி என்று அடுப்பில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். யாரோ சின்ன வெங்காயச் சாறு நல்லது என்று சொல்ல, அதையும் ஒரு மாதம் தேய்த்துவிட்டார். நான் அப்போது மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கிளார்க். ஒரு நாள் முதலாளி நாலு பக்கமும் மோந்து பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, எங்கயோ வெங்காயம் அழுகுது போல மணக்குதே" என்றார். ஸ்டோரில் இருந்த வெங்காய மூட்டைகளையெல்லாம் இறக்கி, அவிழ்த்து, பரப்பிப் பார்த்தார்கள். மத்தியானம் வரைக்கும் தேடினார்கள். அழுகல் அகப்படவில்லை. நான் குனிந்த தலை நிமிராமல் பில் எழுதிக்கொண்டிருந்தேன். (குனிந்தது தப்பு. வாடை அங்கிருந்துதான் போனது.)

பிறகுதான் பேராதனைக்குப் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அம்மா அவர். இரத்தம் சோதித்தார், தைராய்டு பார்த்தார், எல்லாம் சரியாகவே இருந்தது. என் தலையை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலை முழுக்க முடி ஐதாகி மெலிஞ்சுகொண்டு வருது. மருந்து தாறன், ரெண்டு நேரமும் பூசுங்கோ. முதல் கொஞ்சம் கூடக் கொட்டும், பயப்பிடாதேங்கோ. ஆறு மாசமெண்டாலும் பொறுக்கோணும்" என்றார்.

முதலில் கூடக் கொட்டும் என்றாரே, அந்த வாக்கு மட்டும் அச்சொட்டாகப் பலித்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று தலையணை, சீப்பு, சோற்றுத் தட்டு எல்லாவற்றிலும் முடி. ஆறு மாதம் பொறுத்தேன். இன்னுமொரு ஆறு மாதம் பொறுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பூனை ரோமம் மாதிரி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கு நல்ல நாள். அடுத்த நாள் அது சீப்போடு வந்துவிடும். தினமும் காலையில் அம்மா என் தலையைக் குனியவைத்து வகிட்டைத் தடவிப் பார்ப்பார். "இந்தப் பக்கம் கொஞ்சம் வருது போல இருக்கு" என்பார். வரவில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். "ஆமாம்மா" என்பேன். நம்பிக்கை மருந்தை விடக் கஷ்டமானது. இரண்டு நேரம் பூசினால் போதாது.

இந்த லட்சணத்தில் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. எனக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப் போனதால் அவன் முந்திவிட்டான். அக்கா இருக்கத் தம்பிக்கா என்று சொந்தம் முழுக்க வாயில் போட்டு மென்றது. பெண் கலஹாப் பக்கம், பெயர் செல்வி. அந்த நேரத்தில்தான் மாத்தளையிலிருந்து எனக்கும் ஒரு வரன் வந்தது. பையன் கூட்டுறவுக் கடை மேனேஜர். போட்டோவில் நல்ல முகம். அந்தப் போட்டோவை நான் அலுமாரிக்குள் வைத்து அடிக்கடி பார்த்தேன் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அம்மா கணக்குப் போட்டார். "தனியாப் பொண்ணு பாக்க வந்தாங்கன்னா பக்கத்துல உக்காந்து தலையெல்லாம் பாப்பாங்க. தம்பி கல்யாணத்துக்கு வரச் சொல்லுவோம். தூரத்துலருந்து பாத்துட்டுப் போயிருவாங்க."

"கிட்ட வந்தாங்கன்னா?"

"அதுக்குத்தான் சவுரி இருக்குல்ல."

நான் பெரிய பிள்ளை ஆன காலத்திலிருந்தே சீப்பில் வந்த முடியை அம்மா எறிந்ததில்லை. சுருட்டிச் சுருட்டி ஒரு தலையணை உறையில் போட்டு வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய், சவுரி கட்டுகிற ஒரு பொம்பளையிடம் கொடுத்து, நீளமாக ஒரு சவுரி செய்துகொண்டு வந்தார். கையில் வாங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை விட்டுப் போன முடி எல்லாம் ஒன்றுசேர்ந்து, முன்பிருந்ததை விட அழகாகத் திரும்பி வந்திருந்தது.

கல்யாணத்தன்று விடிய எழும்பி அம்மா என் தலையில் அதை மாட்டினார். மாட்டுவதற்கு ஏதாவது பிடி வேண்டுமே? என் சொந்த முடியைச் சேர்த்தால் சுண்டு விரல் அளவு வந்தது. அதில் வீட்டிலிருந்த கொண்டை ஊசி முழுவதையும் குத்தி, கறுப்பு நூலால் கட்டி, மேலே இரண்டு முழம் மல்லிகைப் பூ வைத்தார். சடை நுனியில் குஞ்சம். தலை பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதைத் தலையில் சுமந்தது நான்தான்.

"சடைய முன்னால எடுத்துப் போட்டுக்க" என்றார் அம்மா. "மாத்தளைக்காரங்க முன் வரிசையில இருக்காங்க. நல்லாத் தெரியணும்."

எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் தாலிக்கு முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் சகோதரி பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை அரிசி முகத்தில் வந்து விழுந்தது. ஓமப் புகை கண்ணைக் கரித்தது. வீடியோக்காரர் லைட்டை என் மூக்குக்கு நேரே பிடித்தார். நான் செல்வியின் கழுத்துக்கு மேலே குனிந்தேன். அங்கே அவளுடைய சடை, மாலை, பூ, மஞ்சள் கயிறு என்று ஒரே நெரிசல். அதற்குள் முன்னால் கிடந்த என் சடையும் இறங்கியது எனக்குத் தெரியாது. அம்மா கீழேயிருந்து, "இறுக்கிப் போடு, இறுக்கிப் போடு" என்று சைகை காட்டினார். இறுக்கித்தான் போட்டேன். இரண்டாவதையும் போட்டேன், மூன்றாவதையும் போட்டேன்.

நிமிர்ந்தேன். தலை மட்டும் நிமிரவில்லை.

யாரோ பின்னலைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று நினைத்து வெடுக்கென்று உதறினேன். கொண்டை ஊசிகள் மணவறையில் கலகலவென்று கொட்டின. தலை திடீரென்று லேசானது. கல்யாணப் பெண்ணின் முதுகில் இப்போது இரண்டு சடை, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போல. ஒன்று அவளுடையது. மற்றது மூன்றாவது முடிச்சில், மல்லிகைப் பூவோடு, குஞ்சத்தில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது.

மேளக்காரர் கூட நிறுத்திவிட்டார்.

"அவிழுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். "கட்டின தாலிய அவிழ்க்கப்படாது" என்றார் ஐயர். "அப்ப ஒரு கத்திரிக்கோல் கொண்டாங்க" என்றார் என் மாமா. மணவறையில் கத்திரிக்கோலா என்று பெண் வீட்டார் எழும்பிவிட்டார்கள். தம்பி திரும்பி என் தலையைப் பார்த்தான். இவ்வளவு போய்விட்டதென்று அவனுக்கே அதுவரை தெரியாது. வீட்டில் அவன் முன்னாலும் நான் துண்டு கட்டிக்கொண்டுதான் திரிந்தேன். அவன் பார்வையை உடனே கீழே போட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

செல்வி மட்டும் பதறவில்லை. அன்றைக்கு முன்னால் என்னோடு பத்து வார்த்தை பேசியிராத பிள்ளை. கையைப் பின்னால் கொடுத்து என் சடையை மெதுவாக முன்னுக்கு எடுத்து, மாலைக்குள் செருகி, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்க்கா. நான் பாத்துக்கிறேன். நீங்க விளக்க எடுங்க" என்றாள்.

ஆமாம், விளக்கு. அக்கினியைச் சுற்றும்போது மாப்பிள்ளையின் சகோதரிதான் விளக்குப் பிடிக்க வேண்டும். ஓடி ஒளிவதற்குக் கூட எனக்கு வழியில்லை. அம்மா மணவறைக்கு ஏறி வந்து தன் முந்தானையை என் தலையில் போட்டார். "மங்கள காரியத்துல தலையில முக்காடா?" என்று ஒரு கிழவர் குரல் கேட்டது. அம்மா தன் கையாலேயே முந்தானையை எடுத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

தம்பி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, செல்வி என் சடையைப் பிடித்துக்கொண்டு, நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று சுற்று வந்தோம். வீடியோ லைட் என் மண்டையை விட்டு அகலவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்குத் தலைப்பாகை போனது, தலைக்கு வந்தது அங்கேயே நின்றது.

மாத்தளைக்காரர்கள் நல்ல மனிதர்கள். எழும்பிப் போகவில்லை, பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். போகும்போது பையனின் தாய் அம்மாவின் கையைப் பிடித்து, "புள்ள நல்ல புள்ளதாங்க. ஆனா முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். பையன் வாசலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோவை அம்மா திருப்பி அனுப்பினார். அதை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அன்று பின்னேரம் வீட்டில் விளக்கேற்றிய பிறகு சவுரியை முடிச்சுக்குக் கிட்ட வெட்டி எடுத்தார்கள். முடிச்சுக்குள் மாட்டின முடி அப்படியே இருந்தது. தாலிக் கயிறு மாற்றும் வரைக்கும் செல்வி அதோடுதான் திரிந்தாள். "எனக்குத் தாலி கட்டினது ரெண்டு பேரு" என்று அவள்தான் முதன்முதலில் அந்தச் சம்பவத்தைப் பகிடியாக்கினாள். அவள் சிரித்ததால்தான் எனக்கும் சிரிக்க முடிந்தது.

அம்மா சிரிக்கவில்லை. அன்றிரவு மிச்சமிருந்த ஊசிகளை என் தலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு, "நாந்தானே முன்னால போடச் சொன்னேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பேராதனைக்கு மறுபடி போனேன். டாக்டர் அம்மா நேர்மையானவர். "இனி வளருமெண்டு நான் பொய் சொல்ல மாட்டன். இருக்கிறதைக் காப்பாத்துவம்" என்றார். இன்னும் சில வருடம் பூசினேன். பிறகு ஒரு போத்தல் முடிந்தபோது அடுத்ததை வாங்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சடைதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. முடி போன துக்கம் பழகிவிடும் என்றும் சொன்னார்கள். அதுவும் முழுக்க உண்மையில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் முன் சீட்டில் நீளச் சடை தொங்கினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், மூன்றாவது முடிச்சு வந்ததும் தம்பி பின்னாலிருந்து, "சடையப் பாத்துக் கட்டுங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்குக் கதை முழுக்கச் சொல்லப்படும். பெரும்பாலும் நான்தான் சொல்வேன், வெங்காய மூட்டையிலிருந்து தொடங்கி. அம்மா மட்டும் ஒரு தடவை கூடச் சிரித்ததில்லை. கதை தொடங்கினால் தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விடுவார்.

போன வருடம் செல்வியின் மகளுக்குக் கல்யாணம். அம்மாவை முன் வரிசைக் கதிரையில் உட்காரவைத்து நான் பக்கத்தில் இருந்தேன். அம்மாவுக்கு இப்போது யாரையும் தெரிவதில்லை. என்னை, தன்னைக் கவனித்துக்கொள்ள வந்த நர்ஸ் என்று நினைக்கிறார். மூன்றாவது முடிச்சுக்குத் தம்பி வழக்கம் போல் சத்தம் போட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்ன என்று கேட்க, நான் கதையைச் சொன்னேன். எல்லோரோடும் சேர்ந்து அம்மாவும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரித்தார்.

சிரித்து முடிந்து என் பக்கம் குனிந்து, "ஏங்க, யாருக்கு நடந்துச்சு இது?" என்றார்.

"யாரோ ஒரு புள்ளைக்கும்மா."

"கல்யாணமாகாத புள்ளையா?"

"ஆமா."

"ஐயோ, பாவமே." மணவறையில் இருந்த பெண்ணின் சடையைப் பார்த்தார். "அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்கு முடி வளந்துச்சா?"

"வளந்துச்சும்மா. இடுப்பு வரைக்கும் வளந்துச்சு."

"அவங்கம்மா சந்தோசப்பட்டிருப்பாங்க."

"ஆமாம்மா, ரொம்பச் சந்தோசப்பட்டாங்க" என்றேன்.