எழுபத்துநாலு லிட்டர் நான்

அன்பும் மதிப்பும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் கொஞ்சம் ஈரம். அங்கே அனைவரும் நலமாகவும் உலர்ந்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மணநாள் பரிசாக எங்கள் இருவரையும் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டீர்கள். முழங்கால் வலிக்கு நல்லது என்றீர்கள். பெரிய மனசு உங்களுக்கு. ஆனால் முதல் நாளே என் மானம் கப்பலேறிவிட்டது. மல்லாந்து மிதக்கச் சொன்னார்கள். உங்கள் தங்கை சொந்தக் கட்டிலில் சாய்வதுபோல் சாய்ந்துவிட்டாள். நான் நேரே அடியில் போய்த் தரையோடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். "பயப்படாதீங்க சார், மனுஷ உடம்பு தானா மிதக்கும்" என்கிறார் பயிற்சியாளர். ஊர்த் தராசுகளுக்கெல்லாம் முப்பது வருஷம் முத்திரை போட்டவனிடம், அளந்து பார்க்காமலே பேசுகிறார்! வருகிற ஞாயிறு தேர்வாம். ஒரு நிமிடம் மிதந்தால் ஆழமான குளம், இல்லையென்றால் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு இடுப்பளவுத் தண்ணீர்.

சரி, அளந்தே காட்டுகிறேன் என்று இறங்கினேன். பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறி நின்றேன், எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். அடுத்தது கன அளவு. போன வருஷம் நீங்கள் விட்டுப்போன நீல டிரம்மை, பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடும் ரப்பர் தொட்டிக்குள் நிறுத்தி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறங்கினேன். வழிந்ததெல்லாம் தொட்டியில் விழுந்தது. அதை உங்கள் தங்கை லிட்டர் படியால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்ற, நான் உள்ளிருந்தபடியே எண்ணினேன், நுரையைக் கணக்கில் சேர்க்காதே என்று இரண்டு முறை எச்சரித்தேன். "முதல்ல வெளிய வாங்க" என்றாள். "முடியாம வர மாட்டேன்" என்றேன். உண்மையில் முழங்கால் சிக்கிக்கொண்டு வரவே முடியவில்லை. எழுபத்துநாலு லிட்டர் எண்ணி முடித்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரும் அவளுமாக டிரம்மைச் சாய்த்தார்கள். நான் வந்தேன், தண்ணீரும் வந்தது, அது படியிறங்கிப் போக, கீழ்வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

கணக்கு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் நான், கிட்டத்தட்ட ஒரு கிலோ அறுபது கிராம். அடர்த்தி தண்ணீரைவிட அதிகம். முழுகத்தான் செய்வேன், என்மேல் தப்பில்லை. ஆகவே இருவரும் சேர்ந்தே வகுப்பிலிருந்து நின்றுவிடலாம் என்று உங்கள் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். முப்பத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அவள் அந்தக் குளத்தில், நான் இந்தக் குளத்தில் என்றால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது. இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, நிலத்திலேயே நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு (ஞாயிறு மாலை): நான் உறை வாங்கப் போன நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். முழுக்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எடை போடும்போது தலையும் இருந்துச்சு. தண்ணிக்குள்ள தலை போச்சா?" போகவில்லை. தலையை முக்கப் பயம், உங்களிடம் மறைத்து என்ன பயன்? அளவில் குறை வைத்த எத்தனை கடைக்காரர்களை நான் பிடித்திருக்கிறேன்! விளிம்பு வரை நிரப்பிய வாளியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை முக்கினேன். வழிந்தது நாலு லிட்டர் தொள்ளாயிரம் மில்லி. தலையையும் சேர்த்தால் நான் தண்ணீரைவிட லேசு, அரை லிட்டர் வித்தியாசத்தில். மேலே எழுதியதெல்லாம் ரத்து. டிரம்மை எடுத்துப்போங்கள், கொஞ்சம் நசுங்கியிருக்கும். இன்று தேர்வில் பக்கத்துப் பக்கத்தில் மல்லாந்தோம். ஒரு நிமிடத்தில் பயிற்சியாளர் விசில் ஊதினாராம். காது தண்ணீருக்குள் இருந்ததால் எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை.