ஒன்பது மரங்களைப் பற்றி நான் கேட்காத கேள்வி

அடுத்தவர் எழுதிய செய்தியில் விட்டுப்போன கேள்வியைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு நாளிதழ் எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் சம்பளம் கொடுத்தது. சொந்தமாக நிலம் வாங்கியபோது நானும் ஒரு கேள்வியை விட்டேன். மறதியால் அல்ல, சாமர்த்தியத்தால்.

ஓய்வு பெற்றதும் ஜவ்வாது மலைப் பக்கம் நிலம் தேடினேன். மலைமேல் வெளியாள் வாங்குவதில் சட்டச் சிக்கல் உண்டு என்று தெரிந்ததும், ஆலங்காயத்துக்கு அப்பால் அடிவாரத்தில் பார்த்தேன். அங்கே தார்ச்சாலை ஓரம் சென்ட் கணக்கில் விலை சொல்வார்கள். மண்பாதையில் உள்ளே போனால் ஏக்கர் கணக்கு. கிணறு இல்லையென்றால் இன்னும் இறங்கும். (நோட்டுப் புத்தகத்தில் இதை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.)

அங்கே முருகேசன் என்பவர் விற்க வைத்திருந்த ஒன்றரை ஏக்கர் கிணறில்லாத செம்மண். மழை பெய்தால் சாமை, பிந்தினால் கொள்ளு. ஆனால் வரப்போரம் ஒன்பது புளியமரங்கள், ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் அகலத்துக்கு. அவர் சொன்னதோ வெறும் மண்ணின் விலை. மனிதருக்கு மரத்தின் அருமை தெரியவில்லை என்று முடிவுகட்டினேன். வாயைத் திறந்தால் விழித்துக்கொள்வாரே! மூன்று முறை போயும் மரங்கள் இருந்த திசையை நான் பார்க்கவே இல்லை. உச்சிவெயிலில் நின்று மண்ணைக் கிள்ளி முகர்ந்தேன்.

"நெழல்ல வந்து நில்லுங்க சார்."

"வெயில் உடம்புக்கு நல்லதுங்க" என்றேன்.

பணம் என் மனைவி மல்லிகாவுடையது. பள்ளி ஆசிரியையாக இருந்து, ஒழுகும் மாடியை இடித்துக் கட்டுவதற்காகச் சேர்த்தது. "மூணு வருஷப் புளியில மாடி வந்துடும்" என்று வாக்குக் கொடுத்து வாங்கினேன். வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் எல்லாம் சரிபார்த்துப் பத்திரம் பதிவானது.

மாசி மாதம் மல்லிகா, மகள், பதினைந்து சாக்குகளுடன் வாடகை வேனில் போய் இறங்கினேன். மரக்கிளையில் ஒருவர் நின்று உலுக்கிக்கொண்டிருந்தார். கீழே தொரட்டியோடு ஓர் அம்மாள். முருகேசனின் அக்கா சின்னப்பாப்பாவாம்.

"எங்க மரத்துல என்னம்மா பண்றீங்க?" என்றேன்.

"உங்க மரமா? பாகம் பிரிக்கறப்போ மண்ணு தம்பிக்கு, மரம் எனக்கு. ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

பத்திர நகலை எடுத்து, நிலத்து மரங்களும் வாங்குபவருக்கே என்று சொல்லும் 'மாவடை மரவடை சகலமும்' வரியைச் செய்தி வாசிப்பவரைப் போலப் படித்தேன். (மொட்டைப் பாறையை விற்றாலும் பத்திர எழுத்தர் அந்த வரியை எழுதுவார் என்பது பிறகு தெரிந்தது.)

"எழுதனவர வரச் சொல்லுங்க சார். ஏறி உலுக்கட்டும்."

தகவல் போய் முருகேசன் வந்தார். ஏன் சொல்லவில்லை என்று பாய்ந்தேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார்.

"நெலம் பாக்க வர்றவங்க மொதல்ல மரத்ததான் சார் கேப்பாங்க. அக்காளுதுன்னு சொன்னதும் போய்டுவாங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. எல்லாம் விசாரிச்சிகினு வந்தவருன்னு நெனச்சேன். அதான் மண்ணு வெல மட்டும் சொன்னேன்."

வக்கீலைப் பார்க்கப்போவதாக அறிவித்தேன். மல்லிகா பத்திரத்தை வாங்கி மடித்தாள்.

"ஏங்க, மரத்துக்கு நீங்க காசே குடுக்கலியே. அவங்களுக்குத் தெரியாம எடுத்துக்கலாம்னுதானே வாங்கனீங்க?"

இருபத்தைந்து ஆண்டுகளில் எந்த ஆசிரியரும் என்னை இவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை.

அவள் சின்னப்பாப்பாவிடம் திரும்பினாள். "நெழலாவது எங்களுதாம்மா?"

"அது உங்க மண்ணுலதானே வுழுவுது. தாராளமா குந்துங்க."

உட்கார்ந்தோம். கிளம்பும்போது வீட்டுச் செலவுக்கு மூன்று கிலோ புளியை, அவர் சொன்ன விலைக்கு, பதினைந்து சாக்கில் ஒன்றில் போட்டு எடுத்துவந்தோம்.

மாடி இன்னும் ஒழுகுகிறது. மழை நாளில் வாளி வைக்கும் வேலை என்னுடையது. மல்லிகாவின் அண்ணன் ஒவ்வொரு மாசியிலும் தவறாமல் போன் செய்து, நிலத்தில் என்ன மகசூல் என்று கேட்கிறார். போனை மகள்தான் எடுப்பாள்.

"நிழல்தான் மாமா. இந்த வருஷமும் நல்ல விளைச்சல்."