இடிதாங்கியாரின் செப்புக்கம்பி

கால்வாய்த் தெருவில் அன்று எள் போட்டால் எள் விழாது. இடிதாங்கியார் வந்திருந்தார். மேகத்தைக் கட்டுபவர், வெள்ளத்தின் வாயை அடைப்பவர். அவர் கையால் வாசற்படியில் ஒரு செப்புக்கம்பி பதித்தால் போதும், வெள்ளம் படியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். வெள்ளத்துக்கு இவ்வளவு மரியாதை தெரியும் என்பது நமக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. "மலைப்பகுதியில் இடியுடன் கனமழைக்கு வாய்ப்பு. கால்வாயில் திடீர் வெள்ளம் வரக்கூடும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மாடிக்குச் சென்றுவிடுங்கள்."

"வாய்ப்பாம்! வரக்கூடுமாம்!" என்று சிரித்தார் சலூன்காரர். "நம்ம சாமியைப் பாருங்க, வராதுன்னு அடிச்சுச் சொல்றாரு."

தெருவில் வெயில் வேறு பளிச்சென்று அடித்தது. மலையில் பெய்கிற மழை கால்வாய் வழியாக நம் வீட்டுக்குத்தான் வரும் என்று யோசிக்க யாருக்கு நேரம்?

தையல்காரம்மா மட்டும் அந்த அறிவிப்பை நம்பினாள். கால் முறிந்த மாமனார் மாவுக்கட்டோடு தரைத்தள அறையில் படுத்திருந்தார். தூக்க நாலு பேர் வேண்டும். அவரோ அசைய மறுத்தார்.

"கம்பி பதிச்சாச்சும்மா. இப்ப மேல போனா சாமியை நம்பலைன்னு ஆயிடும்."

"அப்பா சொல்றது சரிதானே?" என்று புருஷனும் ஒத்து ஊதினான்.

அவள் உள்ளே போனாள். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, இடிதாங்கியார் கண்ணெதிரே வாசலில் கொட்டினாள். தண்ணீர் கம்பியைத் தாண்டி நேரே போய்க் கட்டில் காலை நனைத்தது.

இடிதாங்கியார் அசரவில்லை. "இது குழாய்த் தண்ணிம்மா. கம்பிக்கு வெள்ளம் மட்டும்தான் கட்டுப்படும்."

"அதானே!" என்றது கூட்டம். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டும் என்பார்கள். இந்தத் தெருவில் அந்தச் சிரமமும் இல்லை.

"சரி சாமி. அப்ப சாயங்காலம் வரைக்கும் எங்க மாமாவுக்குத் துணையா இங்கேயே உட்காருங்க. வெள்ளம்தான் உள்ள வராதே."

கூட்டம் கைதட்டியது. பக்தர்களே ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்கள். மறுக்க வழியில்லாமல் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் இடி உருண்டது. பிறகு கால்வாய் இரைந்தது.

"தண்ணி மரத்தையெல்லாம் புரட்டிக்கிட்டு வருது!" என்று வாசலிலிருந்து கத்தினார் சலூன்காரர்.

இடிதாங்கியாருக்குத் திடீரென்று பூசை ஞாபகம் வந்தது. "கம்பி இங்கதானே இருக்கு சாமி, பூசையையும் இங்கேயே பண்ணுங்க" என்றாள் தையல்காரம்மா. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். வாசலில் இன்னும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

மாமனார் அந்தக் குதிகால்களைப் பார்த்தார்.

"டேய், என்னைத் தூக்குங்கடா!"

மகனும் சலூன்காரரும் இன்னும் இரண்டு பேரும் அவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். படி திரும்பும்போது கீழே வெள்ளம் கம்பியைத் தாண்டி உள்ளே புகுந்தது. நாற்காலி மிதந்தது.

மாடியில் மாமனார் மூச்சு வாங்கினார். "ஏன் சாமி, கம்பி கீழதானே இருக்கு. நீங்க எதுக்கு மேல வந்தீங்க?"

இடிதாங்கியார் மேகத்தைப் பார்த்தார். மேகமும் கைவிட்டது.

"அவர் ஓடலைன்னா நீங்க மேல வந்திருக்க மாட்டீங்களே மாமா" என்று சொல்லும்போதே தையல்காரம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கம்பி இன்னும் கொஞ்சம் கனமா இருந்திருந்தா..." என்று இழுத்தார் சலூன்காரர்.

ஐயா, இனி எவராவது வெள்ளம் வராது என்று அடித்துச் சொன்னால், முதலில் அவரை உங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் உட்கார வையுங்கள். அதற்குக் கம்பி வேண்டாம். ஒரு நாற்காலி போதும்.