குட்டி மின்னலுக்கு மீசை முளைத்தது

சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பலமான கைதட்டல் வாங்கிவிட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸைக் கையில் ஏந்திக்கொண்டு, குடிக்காமல், யாராவது தன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்து, டீயில் ஆடை படிந்து அந்த ஆடையும் சுருங்குகிற வரைக்கும் ஒருவர் நிற்கிறாரே, அவர்தான்.

இந்த இனத்தாரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. "இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்று கேளுங்கள். "அப்ப நான் இன்னா பண்ணேன் தெரியுமா?" என்று பதில் வரும். எட்டாம் வகுப்பில் மாவட்ட அளவில் நீளம் தாண்டியவர், ஆண்டு விழாவில் ராஜா வேஷம் கட்டிக் கலெக்டர் கையால் சோப்பு டப்பா வாங்கியவர், பத்தாவதில் கணக்கில் நூறு எடுத்தவர் என்று இதில் உட்பிரிவுகள் பல. நீளம் தாண்டியவர் தாண்டிய இடத்திலேயே இன்னும் நிற்பார். ராஜா இன்னும் கிரீடத்தைக் கழற்றியிருக்க மாட்டார்.

எல்லா லட்சணமும் ஒருங்கே அமைந்த ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் சக்கரபாணி. பெயர் சொன்னால் தெரியாது. 'குட்டி மின்னல்' என்றால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ரோட்டோரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வயது ஆளை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அவர்' என்றால் அவனுக்குத்தான் கோபம் வரும். 'அவர்' என்றால் வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

அவன் மின்னலான கதை இது. விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. திண்டிவனம் அரங்கநாதனுடைய மெல்லிசைக் குழுவின் கச்சேரி. பாட வேண்டியவர் ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டது. ஜனங்கள் மணலை அள்ளி மேடைமேல் வீச ஆரம்பித்தார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் நிறுத்தினால் அடி விழும் என்ற பயத்தில் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஏறி மைக்கைப் பிடித்தான். பாடகர் எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லத்தான் போனான். டிரம்ஸ் அவனைப் பிடித்துக்கொண்டது.

"விழுப்புரத்துல விசிலடிச்சி முண்டியம்பாக்கம் முட்டிமோதி விக்கிரவாண்டி வெத்தல வாங்கி பேரணி போயி பெட்டிய எறக்கி கூட்டேரிப்பட்டுல கூட்டம் நெருக்கி மயிலம் வந்தா மயிலத் தேடி திண்டிவனத்துல தின்ன எறங்கு!"

ஒரே மூச்சு. பாட்டு என்றால் ராகம் வேண்டும், இதில் இல்லை. பேச்சு என்றால் நடுவில் மூச்சு விட வேண்டும், இவன் விடவில்லை. நம் ஊரில் புதுக்கவிதை எழுதுகிறவர்கள் வரியை எங்கே உடைப்பது என்று மூன்று நாள் யோசிக்கிறார்கள். படிப்பவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் எழுதியவருடன் ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள். இந்தப் பையன் எங்குமே உடைக்கவில்லை. திருவிழாக் கூட்டமே எழுந்து துண்டைச் சுழற்றியது. "ஒன்ஸ்மோர்!"

பேரணி என்கிற ஊர் அந்த மெயின் ரோட்டில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது, திண்டிவனம் பஸ் அங்கே போகாது என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை. விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவே தாளத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பையன் பேரணியை எடுத்து அடைத்துவிட்டான். கவிகளுக்கு இந்தச் சலுகை உண்டு. பஸ்ஸுக்கு இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன? அரங்கநாதன் அவனுக்குப் பட்டம் கொடுத்தார், ஜிகினா வைத்த சிவப்புக் கோட்டும் அரை டிராயரும் தைத்துக் கொடுத்தார், போட்டோ எடுத்து அச்சுக்கு பிளாக் செய்து நோட்டீஸ் அடித்தார். கண்டமங்கலத்தில் சைக்கிள் கடை திறப்பு விழா, மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம், கல்யாணம், காது குத்தல், எங்கே பார்த்தாலும் அதே சிவப்புக் கோட்டு, அதே ஏழு ஊர், அதே மூச்சு. அவனை மேடையில் பார்த்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குப் போய் அடித்தார்கள்: "அவனும் ஒன் வயசுதான்டா!"

வயதுதான் சிக்கல். அது ஏறுகிறது.

குரல் உடைந்தது. ஒரு வாரம் சோறு தின்னாமல் அழுதான். பிறகு தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பழைய கீச்சுக் குரலிலேயே பேசக் கற்றுக்கொண்டான். டீ கேட்பதுகூட அந்தக் குரலில்தான். மீசை முளைத்தது. "மீச வெச்சா மேட இல்ல" என்றார் அரங்கநாதன். காலையில் ஒருமுறை, கச்சேரிக்கு முன்னால் ஒருமுறை மழித்தான். கால் நீண்டது. அரை டிராயரைத் தையல் பிரித்து இன்னும் கொஞ்சம் துணி வைத்துத் தைத்தார்கள். பிளாக் மட்டும் மாறவில்லை. புதிதாகச் செய்தால் செலவு. அதனால் நோட்டீஸில் பன்னிரண்டு வயதுப் பையன் சிரித்துக்கொண்டிருப்பான், மேடைக்கு ஒரு நெட்டை ஆள் தொடை தெரிய வந்து நிற்பான்.

"புதுசா ஒண்ணு போடேன்டா" என்று டிரம்ஸ்காரர் கெஞ்சுவார்.

"ரசிகருங்க உட மாட்டாங்கண்ணே."

எந்த ரசிகர்கள்? கண்டமங்கலத்தில் கடைசியாக அவன் மேடை ஏறியபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், குட்டி மின்னலுக்குக் குட்டி பொறக்கற வயசுடா!" அவன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு கும்பிட்டான்.

இந்த நிலையில்தான் அவன் அம்மா கோவிந்தம்மாள் பெண் தேடினார். அனந்தபுரத்தில் மல்லாட்டை வியாபாரம் செய்யும் முருகையன் மகள் அம்சா. அவளுடைய போட்டோவைப் பார்த்ததிலிருந்து சக்கரபாணி மறுபடியும் சோறு தின்னவில்லை. குரல் உடைந்ததற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் நடந்த பெரிய சம்பவம் அதுதான். பதிலுக்கு மாப்பிள்ளை போட்டோ கேட்டார்கள். கோவிந்தம்மாள் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டுடியோவுக்கு மகனை அனுப்பவில்லை. நோட்டீஸை அனுப்பினார். இதைவிட நல்ல படம் பிள்ளைக்கு எப்போது எடுத்தார்கள்?

முருகையன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். கையில் நோட்டீஸ்.

"இன்னாம்மா, சின்னப் புள்ள படத்த அனுப்பிட்டீங்க. பெரியவர் எங்க?"

"பெரியவனும் அவன்தாங்க, சின்னவனும் அவன்தாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு."

முருகையன் நோட்டீஸைப் பார்த்தார். எதிரே நின்றவனைப் பார்த்தார். மறுபடி நோட்டீஸைப் பார்த்தார்.

"சரி தம்பி. இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"அப்ப நான் விக்கிரவாண்டியில..."

"அது தெரியும் தம்பி. எங்க ஊருக்கே வந்து பாடினீங்களே. எம் பொண்ணு ஒரு மாசம் அதையே சொல்லிக்கினு திரிஞ்சா, அரிசி களையறப்பகூட. நான் கேக்கறது இப்ப."

கோவிந்தம்மாள் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். சக்கரபாணி கூரையைப் பார்த்தான்.

முருகையன் நல்ல மனிதர். "எம் மச்சான் சின்னதுரைக்கு விழுப்புரம் திண்டிவனம் லைன்ல ரெண்டு பஸ்ஸு ஓடுது. கண்டக்டர் லைசென்சு எடுத்துக்கினு வாங்க. ஒரு நாளு வேல பாத்துக் காட்டுங்க. சரியா வந்தா வெத்தலபாக்கு மாத்திக்கலாம். வரலன்னா, தப்பா நெனைக்காதீங்க, நாங்க வேற எடம் பாக்கறோம்."

லைசென்சும் வந்தது, அந்த நாளும் வந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு. டிரைவர் சவுரிராயன் சீட்டில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். முதலாளி சின்னதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார். பஸ்ஸுக்குள் முருகையனும் அம்சாவும். திண்டிவனத்தில் புடவை எடுக்கப் போகிறார்களாம். அனந்தபுரத்திலிருந்து திண்டிவனம் போவதற்கு விழுப்புரம் வந்து சுற்ற வேண்டுமா? செஞ்சி வழியாகப் போனால் ஆகாதா? இதையெல்லாம் பின் சீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் வாய்விட்டுக் கேட்க முடியாது. அதனால் நான் கேட்கவில்லை.

காக்கிச் சட்டையில் சக்கரபாணி கீழே நின்றான். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பத்துப் பேர்! அவன் கை தானாகப் போய் பஸ்ஸின் தகரத்தில் தாளம் தட்டியது. பழைய கீச்சுக் குரலில் பாட்டு புறப்பட்டுவிட்டது. விழுப்புரத்துல விசிலடிச்சி முண்டியம்பாக்கம் முட்டிமோதி...

அருமையாக இருந்தது, மறுப்பதற்கில்லை. பழக்கடைக்காரர் பழத்தை விட்டுவிட்டு வந்தார். காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள். கூட்டம் வளையம் கட்டியது. "ஒன்ஸ்மோர்!" என்றான் ஒருவன். இந்த இனத்தாரிடம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னான். இவன் இன்னொரு முறை சொன்னான். இன்னொரு முறையும் சொன்னான். பின்னால் நின்ற வேறொரு முதலாளியின் பஸ்ஸிலிருந்து ஒரு கண்டக்டர் வந்து, பாட்டைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே, "திண்டிவனம், திண்டிவனம், ஜல்தி ஏறு" என்று கூட்டத்தைத் தன் பஸ்ஸுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

நம் பஸ்ஸில் புதிதாக ஏறியவர் ஒருவர்தான். லட்சுமியம்மாள் என்று ஒரு வயதான அம்மாள், கூடையில் இரண்டு கோழியுடன்.

"பேரணிக்கு ஒண்ணு குடு கண்ணு."

"பேரணி போவாதும்மா."

"நீதான சொன்ன, பேரணி போயி பெட்டிய எறக்கின்னு?"

"அது பாட்டுல வர்றதும்மா."

"பாட்டுல போவுது, பஸ்ஸு போவாதா?"

"தாளத்துக்கு ஒரு ஊரு கொறைஞ்சிதும்மா, அதனால..."

"கோழியத் தூக்கிக்கினு நான் ஒன் தாளத்துலயா போயி எறங்குவேன்? பேஜாரு புடிச்சவனே, எம் பொண்ணு புள்ளத்தாச்சியாக் காத்துக்கினு கெடக்கறா!"

சின்னதுரை ஜன்னலருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "மச்சான், ரசிகருங்க எக்கச்சக்கம். டிக்கெட்டு ஒண்ணும் இல்ல."

முருகையன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா அம்சா. செஞ்சி பஸ்ஸு நிக்குது."

சக்கரபாணிக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. தாளம் தட்டிய கை தகரத்தின் மேலேயே நின்றது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் பெண்ணும் போய்விடுவாள், வேலையும் போய்விடும். மிச்சம் இருக்கப் போவது பிரித்துப் பிரித்துத் தைத்த அரை டிராயர் ஒன்றுதான்.

அம்சா எழுந்திருக்கவில்லை. அவனை நேரே பார்த்துப் பேசுவது முறையில்லை; ஆகவே அப்பாவைப் பார்த்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி, ஏன், பழக்கடைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"யப்பா, பாட்டு நல்லாத்தான் இருக்குது. அத நான் அப்பவே கேட்டு முடிச்சிட்டேன். இந்த பஸ்ஸு எங்க போவுதுன்னு அவர சொல்லச் சொல்லுங்க."

சக்கரபாணி தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துக் காக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு ஒரு குரல் வந்தது. கரகரவென்று, கட்டையாக, யாருக்கும் பழக்கமில்லாத குரல். சவுரிராயனே பல் குத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் அடைத்து வைத்திருந்த குரல் அது.

"திண்டிவனம்! விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்! பேரணி போவாது!"

யாரும் கைதட்டவில்லை. கீழே நின்றவர்களில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பேர் ஏறினார்கள். பின்னால் ஒரு குடும்பம், மூட்டையோடு. சக்கரபாணி லட்சுமியம்மாளின் கூடையைத் தானே இறக்கி, கோழிகளிடம் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு, பேரணிக்குப் போகிற பஸ்ஸை விசாரித்து அவரை அதில் ஏற்றிவிட்டு ஓடி வந்தார். ஆமாம், வந்தார். இனிமேல் அப்படித்தான் எழுத வேண்டும். முருகையன் பையைத் திரும்ப மேலே வைத்தார். சவுரிராயன் ஹாரன் அடித்தார். பஸ் புறப்பட்டது.

வெற்றிலைபாக்கு மாற்றினார்கள். கல்யாணத்துக்கு அரங்கநாதன் கச்சேரி வைத்தார். மாப்பிள்ளை மேடை ஏறவில்லை. மீசை வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகவே இருந்தது.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் அவ்வளவு சுலபமாகத் திருந்துமா? கூட்டமில்லாத மதிய டிரிப்பில் ஏறிப் பாருங்கள். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "குட்டி மின்னல்னு ஒருத்தன் இருந்தான், கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்பார், யாரோ தூரத்து உறவைப் பற்றி விசாரிப்பதைப் போல. இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பாக்கிச் சில்லறை வராது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கிறதே, கட்டுரைப் போட்டியில் வாங்கியதா, கோகோ விளையாட்டிலா? வந்த விருந்தாளிக்கு அந்த டம்ளரில்தான் தண்ணீர் கொடுக்கிறீர்கள், எழுத்து அவர் பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்து. இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

அடுத்த முறை அந்த பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் வந்து, "எங்க போவணும்?" என்று கேட்பார். எங்கே ஏறினீர்கள், ஏறும்போது எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு அவர் டிக்கெட் கொடுக்க முடியாது. ஊர் பேரைச் சொல்லுங்கள். பின்னால் ஆள் நிற்கிறார்கள்.